சேனை வைக்க வந்தவர்

என் அக்கா அழகிக்குக் கோபம் வந்தால் கண்டரமாணிக்கத்தில் சேவல்கூடக் கூவாது என்பார்கள். அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று ஒரு பயலும் கேட்டதில்லை. நான் சொல்கிறேன்.

கல்யாணமாகிப் போனபோது அவள் வாயில்லாப் பூச்சி. முதல் பிள்ளை வீட்டிலேயே பிறந்தது, ஆண் பிள்ளை. மஞ்சளாய், கெட்டியாய்ச் சுரந்த சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்ட வைத்தார்கள். அவள் கணவரின் அண்ணன் சேவுகப்பெருமாள் வந்து, ஒரு வெள்ளிச் சங்கால் சேனை வைத்தார். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகச் சீனித்தண்ணீர் வைப்பதுதான் சேனை. வைத்தவர் குணம் பிள்ளைக்கு வருமாம். வீட்டில் காசும் பேரும் உள்ளவர் அவர்தான், வேறு யார் வைப்பது? நல்ல பால் வரட்டும் என்று அதே சங்கில் சீனித்தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. காரைக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், அக்காவின் மடியிலேயே உயிர் போய்விட்டது. "சாமி குடுத்துச்சு, சாமி எடுத்துக்கிருச்சு" என்றார்கள். அந்தப் பேச்சை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. சாமியா சங்கில் ஊற்றியது?

அன்று அக்கா வாய் திறக்கவில்லை. அடுத்த மகனை எங்கள் வீட்டுக்கு வந்து பெற்றாள். சேனை கீனை என்று யாரையும் வாயெடுக்க விடவில்லை. பிறகு பஸ் கண்டக்டர், ரேஷன் கடைக்காரர், நெல் வியாபாரி, எல்லாரோடும் சண்டைதான். சேவுகப்பெருமாளிடம் மட்டும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை.

இந்த ஆவணியில் அந்த மகனின் மனைவி ஸ்வேதாவுக்குப் பிரசவம். ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும் என்றானதும் டாக்டரம்மா அக்காவையும் உட்கார வைத்துச் சொன்னார். பிறப்பு வழியாக வரும் பிள்ளைக்குத் தாயிடமிருந்து நல்ல கிருமிகள் ஒட்டிக்கொள்ளும். வயிற்றைக் கிழித்து எடுக்கும் பிள்ளைக்கு அது குறைவு. அதனால் தாயின் மேல் தோலோடு தோலாகப் போடுங்கள், சீம்பால் கொடுங்கள். அதில் நல்ல கிருமியும் இருக்கிறது, அது பிள்ளையின் குடலில் வளர்வதற்கான தீனியும் இருக்கிறது. வேறு ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம்.

அக்கா அன்று சோறு தின்னவில்லை. "அம்புட்டையும் தரையில கொட்ட வச்சாளுகளேடி!" என்று என்னிடம் கத்தினாள்.

பேத்தி பிறந்தாள். உள்ளே ஸ்வேதாவுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் பிள்ளையைத் துணியில் சுற்றி அக்கா கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அது வீல் வீலென்று கத்தியது. அந்த நேரம் பார்த்துச் சேவுகப்பெருமாள் வந்தார். சட்டைப்பையிலிருந்து எடுத்தார், அதே சங்கை. தேய்த்துப் பளபளவென்று வேறு வைத்திருந்தார்.

"பசிச்சு அழுகுது பாரு. இங்குட்டுக் குடு, ரெண்டு சொட்டு வச்சு விடுறேன்."

"வேணாம் மச்சான். அவ ஆத்தாகிட்டத்தான் மொதப் பாலு."

"கூறு கெட்டவளே, அவ வெளிய வர நேரமாகும். ஒன் மகனுக்குத்தான் வைக்க விடல. பாரு, எதுக்கெடுத்தாலும் மொறைச்சுக்கிட்டு நிக்கிறான். சேனை வைக்காட்டி இவ யாரு கொணத்துல வளருவா?"

சொல்லிக்கொண்டே பிள்ளையைப் பிடித்து இழுத்தார். சுற்றி நின்ற சொந்தக்காரக் கூட்டம் அவளைத்தான் அதட்டியது: "குடு அழகி, பெரியவுக கேக்குறாகல்ல?" ஒவ்வொருத்தரையும் அறைய வேண்டும் போலிருந்தது எனக்கு.

அக்கா பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். குரலை உயர்த்தவே இல்லை.

"என் மூத்தவனுக்கு நீங்கதானே மச்சான் வச்சீக? அவன் யாரு கொணத்துல வளந்தான்? சொல்லிப்பிட்டு வையுங்க."

சேவுகப்பெருமாளின் கை சங்கோடு அப்படியே நின்றது. கதவு திறந்து ஸ்வேதாவை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். அக்கா அவரைத் தோளால் இடித்து விலக்கிவிட்டு, பிள்ளையோடு அவள் பின்னால் போனாள்.