லொகின் செய்யாத தொலைபேசி

ஜெயந்தியின் அண்ணன் எங்கள் இணையதளத்தைப் பார்ப்பார், பார்த்தால் அப்பாவை அடக்கம் செய்வதற்குள் கம்பளைக்கு வந்துவிடுவார் என்று அவர்கள் குடும்பம் நம்பியிருந்தது. அப்பாவோடு கோபித்துக்கொண்டு போனவர் தெல்தெனியப் பக்கம் எங்கோ இருந்தார். முகவரி தெரியாது, எண்ணும் மாறிவிட்டது. எங்கள் மரண அறிவித்தல்களை அவர் தினமும் பார்ப்பதாக, கூட வேலை செய்த ஒருவர் எப்போதோ சொன்னது மட்டுமே அவர்களிடம் இருந்தது.

கண்டி நகரிலிருந்து இயங்கிய அந்தத் தளத்தில் அறிவித்தல்களை வெளியிடுவது என் பொறுப்பு. அடக்கம் ஞாயிறு என்று அறிவித்திருந்தோம். சனி காலை மண்சரிவு எச்சரிக்கை வந்ததால், அன்று மாலை நான்கு மணிக்கே அடக்கம் என்று குடும்பத்தார் மாற்றினார்கள். நேரமாற்றம் என்று புதிய பதிவொன்றை வெளியிட்டேன். கண்டி மாவட்ட அறிவித்தல்களுக்கான பக்கத்தின் உச்சியில் அது தெரிந்தது.

பத்தரைக்கு ஜெயந்தி அழைத்தார்.

"மிஸ், இன்னும் நாளைக்குன்னுதான் காட்டுது."

"மாத்தியாச்சும்மா. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"நீங்க பாக்குறீங்க மிஸ். அண்ணன் பாக்கணுமே."

எதிர்மேசையிலிருந்த எங்கள் தளத்தின் ஆசிரியர் குணநாதன் சேர், யாழ்ப்பாணத்துக்காரர், தன் தொலைபேசியில் அதே பக்கத்தைத் திறந்து என்னிடம் நீட்டினார். அதில் ஞாயிறு என்றே இருந்தது.

"பிள்ளை, நீர் லொகின் பண்ணிப் பாக்கிறீர். சனம் லொகின் பண்ணியே செத்தவீடு பாக்குது?"

தளம் விரைவாகத் திறப்பதற்காகக் கேஷ் பிளகின் என்ற துணைநிரல் ஒன்றைப் போட்டிருந்தோம். அது ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பிரதி எடுத்து வைத்து, வருகிறவர்களுக்கு அதையே கொடுக்கும். புதிய பதிவு வெளியானதும் முகப்பு, பகுப்புப் பக்கங்களின் பழைய பிரதிகளைத் தானே நீக்கிவிடும். மாவட்டப் பக்கமோ நாங்கள் தனியாகக் கட்டியது. புதிய பதிவுகள் அங்கேயும் வரும் என்பது பிளகினுக்குத் தெரியாது. இரவுவரை பழைய பிரதியையே கொடுத்துக்கொண்டிருக்கும். கடவுச்சொல் கொடுத்து லொகின் செய்தவர்களுக்கு மட்டும் அந்தப் பிரதி போகாது, புதிய பக்கமே தெரியும். ஆகவே சரியான நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான்.

அந்தப் பிரதியை நீக்கினேன். இனி எந்தப் பதிவு வெளியானாலும் அந்தப் பக்கமும் புதுப்பிக்கப்படும்படி அமைப்பையும் மாற்றினேன். சேர் ஒரு கடுஞ்சொல்கூடச் சொல்லவில்லை. ஜெயந்தியைத் தானே அழைத்தார்.

"பிழை எங்கட பக்கம், தங்கச்சி. அந்தப் பக்கத்தைக் கட்டினது நான். இப்ப சரி. திருப்பி ஒருக்காப் பாருங்கோ."

என் பெயரை அவர் சொல்லவேயில்லை. அதற்காக அவருக்கு இன்றும் நன்றியுடையவளாக இருக்கிறேன்.

மூன்றேமுக்காலுக்கு ஜெயந்தியின் செய்தி வந்தது: "அண்ணன் வந்துட்டாரு மிஸ். பெட்டிய இன்னும் மூடல."

அன்றிலிருந்து என் மேசையில் லொகின் செய்யாத தொலைபேசி ஒன்று இருக்கிறது. எதை வெளியிட்டாலும் அதில் பார்த்த பிறகே இறந்தவரின் வீட்டாருக்குச் சொல்வேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியதும் அதுவே: வாசகருக்குத் தெரிவதைப் பார்க்காமல் வேலை முடிந்ததென்று எண்ணாதீர்கள்.

ஓராண்டு நினைவஞ்சலியையும் ஜெயந்தி எங்களுக்கே அனுப்பினார். அறிவித்தலைத் தருபவர்களின் பெயர் வரும் 'தகவல்' என்ற கடைசி வரியில் இரண்டு பெயர்கள் இருந்தன: மகன் முருகேசு, மகள் ஜெயந்தி.