பனிமலையில் ஓங்கிய கை

மூன்று வருஷத்துக்கு முன், வைகாசி பிறந்த நேரம். சம்பா அறுத்து, உளுந்தும் எடுத்து முடித்து, கீழ்வேளூர் பக்கத்தில் எங்கள் வயலெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெளியில் தலை காட்ட முடியாத வெயில். டெல்லியில் நர்ஸாக இருக்கும் என் மகள் போன் பண்ணி, லீவு கிடைத்திருக்கிறது, பனிமலை பார்க்கக் கூட்டிப் போகிறேன், கிளம்பி வா என்றாள். ஐம்பது வயதுக்கு மேல் எனக்கு என்ன பனிமலை, மாட்டை யார் பார்ப்பது என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் சும்மா இருக்கக் கூடாதா? "போயிட்டு வா. அங்க போயாவது நீ கொஞ்சம் குளிர்ந்து வர்றியான்னு பாப்பம்" என்றார்.

அவர் சொன்னதில் பொய்யில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ரேஷன் கடையிலோ, பஸ்ஸிலோ, மடையடியில் தண்ணீர் பிரிக்கும் இடத்திலோ எங்கே நியாயம் தப்பினாலும் முதல் குரல் என்னுடையதுதான். இளம் வயதில் பேசாமல் இருந்து பட்டதெல்லாம் போதும் என்று ஆகிவிட்டது. நான் சொந்தமாகக் குத்தகைக்கு வயல் எடுப்பதற்கு முன்னால், பெரிய பண்ணையில் நடவு நட்டவள். ஒரு நாள் நடவில் பின்தங்கிவிட்டேன் என்று, பண்ணையைப் பார்த்துக்கொண்ட காரியக்காரர் என் தலைமுடியைப் பிடித்து வரப்புக்கு இழுத்துப் போட்டார். அதோடு நாளையிலிருந்து வேலைக்கு வராதே என்றும் சொல்லிவிட்டார். அத்தனை பேர் பார்க்க, நான் வாய் திறக்காமல் சேற்றைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். முப்பது வருஷம் ஆகிறது. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

சரி, பனிமலைக் கதைக்கு வருகிறேன். டெல்லியிலிருந்து ஒரு பகல், ஒரு ராத்திரி பஸ். அங்கே ஒரு சுற்றுலாக்காரன் எங்களைப் போல் பன்னிரண்டு பேரைச் சேர்த்து மேலே அழைத்துப் போவதாக ஏற்பாடு. கறுப்புக் கண்ணாடி, கையில் எப்போதும் போன், வாயைத் திறந்தால் மேடம் மேடம். வாடகைக்கு ஒரு கோட்டும் ரப்பர் பூட்ஸும் கொடுத்தான். கோட்டில் ஊர்ப்பட்டவர் வியர்வை நாற்றம். பூட்ஸுக்குள் என் காலோடு இன்னொரு காலும் போகும். ஆயுசுக்கும் வயலில் வெறுங்காலோடு நடந்தவளுக்கு அதைப் போட்டதிலிருந்தே எரிச்சல்தான்.

நாங்கள் பார்க்கப் போனது பனியாறு. ஆறே உறைந்து மலைமேல் கிடக்கிறது என்று மகள் சொன்னாள். கிட்டே போய்ப் பார்த்தால் ஓரமெல்லாம் கரியும் மண்ணும் கல்லும். நடுவே சிப்ஸ் கவர், தண்ணீர் பாட்டில், யாரோ சாப்பிட்டுப் போட்ட நூடுல்ஸ் டப்பா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைமடையில் தண்ணீர் எப்போது வரும் என்று வாய்க்காலைப் பார்த்துப் பார்த்தே எங்களுக்குக் கண் பூத்துப்போகிறது. இங்கே ஒரு ஆற்றையே கையில் வைத்துக்கொண்டு அதில் குப்பையைக் கொட்டுகிறார்களே என்று சத்தம் போட்டேன். "யம்மா, இங்கயும் ஆரம்பிச்சிடாத" என்று மகள் கெஞ்சினாள்.

மேலே ஏற ஏற வெள்ளை. அழகாகத்தான் இருந்தது, மறுக்க மாட்டேன். வேதாரண்யத்து உப்பைக் குவித்து வைத்த மாதிரி, கண் கூசியது. கையில் அள்ளிப் பார்த்தேன். விரலெல்லாம் மரத்துப் போனது.

எங்களை நடத்திப் போக உள்ளூர் வழிகாட்டி ஒருவர் வந்தார். நாற்பது வயசு இருக்கும். வெயிலும் குளிரும் பட்டுக் கன்னமெல்லாம் கருத்து வெடித்திருந்தது. கழுத்தில் ஒரு துண்டு, சிவப்புக் கயிற்றில் அடையாள அட்டை, கையில் இரும்புப் பூண் போட்ட நீளக் கழி. கழியால் குத்திக் குத்திப் பார்த்துத்தான் ஒவ்வொரு அடியும் வைத்தார். அவர் பேசியது எனக்குப் புரியாது. மகள்தான் சொன்னாள், அவர் கால் வைத்த தடத்தில் மட்டும்தான் எல்லாரும் கால் வைக்க வேண்டுமாம்.

இங்கேதான் எனக்குச் சனியன் பிடித்தது. நான் ஏழாவது எட்டாவது ஆளாகப் போனேன். முன்னால் போன அத்தனை பேர் மிதித்ததில் தடமெல்லாம் குழைந்து, நீர் கோத்து வழுக்கியது. இரண்டு முறை உட்கார்ந்து எழுந்தேன். மழை நாளில் தலையில் நாற்றுக் கட்டோடு வரப்பில் நடந்தவர்களுக்கு ஒன்று தெரியும். முன்னால் போகிறவர் மிதித்த இடத்தில் கால் வைக்கவே கூடாது. அது குழைந்திருக்கும், வழுக்கிவிடும். யார் காலும் படாத ஓரத்தில் வைத்தால்தான் நிற்கும். விவரம் தெரிந்த நாளாக எனக்கு அதுதான் நடை. தடத்துக்குப் பக்கத்தில் பார்த்தால் சலவை வேட்டி விரித்த மாதிரி கோடு விழாத பனி. நான் அதில் காலை வைத்தேன். நன்றாக நின்றது.

வழிகாட்டி திரும்பிப் பார்த்துக் கத்தினார். தடத்துக்கு வந்தேன். அவர் திரும்பியதும் மறுபடி ஓரத்துக்குப் போனேன். மறுபடி கத்தினார். இந்த முறை எனக்கும் ஏறிவிட்டது. எனக்கு நடக்கச் சொல்லித்தர இவர் யார்? சேற்றிலேயே பிறந்து சேற்றிலேயே வளர்ந்த காலுக்கு வாத்தியாரா? வேண்டுமென்றே இன்னும் இரண்டடி தள்ளிப் போனேன்.

அடுத்த அடி வைக்கப் போகிறேன், பின்னாலிருந்து என் கோட்டுக் காலரைப் பிடித்து யாரோ இழுத்தார்கள். மல்லாக்க விழுந்தேன். ஒரு பூட்ஸ் கழன்று தள்ளிப் போய் விழுந்தது, புடவை முழங்காலுக்கு ஏறிவிட்டது. கூட வந்தவர்கள் சிரிக்கிறார்கள், ஒருவன் போனில் படம் எடுக்கிறான். நிமிர்ந்து பார்த்தால், முன்னாலிருந்து ஓடி வந்த அந்த வழிகாட்டி, காலரை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டு, மூச்சிரைக்க என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

எழுந்தேன். ஓங்கி ஒரு அறை விட்டேன். என் பலம் முழுவதும் அதில் இருந்தது. பொம்பளை மேல் கை வைக்கிறாயா என்று தமிழிலேயே கத்தினேன். உண்மையைச் சொன்னால், முப்பது வருஷமாக உள்ளங்கையில் வைத்திருந்த அறை அது. யாருக்குக் கொடுக்க வைத்திருந்தேனோ அவருக்குக் கொடுக்க முடியவில்லை, இவருக்குக் கொடுத்துவிட்டேன்.

அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் மகளும் என் பக்கம்தான். சுற்றுலாக்காரனைக் கூப்பிட்டு, எழுதிப் புகார் கொடுப்பேன் என்று இந்தியில் குதித்தாள். அவன் சாரி மேடம், சாரி மேடம் என்று என் கோட்டில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிவிட்டான். பிறகு ஒன்றுமே விசாரிக்காமல் வழிகாட்டியின் கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றிக்கொண்டு, கீழே இறங்கிப் போ என்று கையைக் காட்டினான். அந்த அட்டை இல்லாவிட்டால் இந்த மலையில் அவருக்கு யாரும் வேலை தர மாட்டார்கள், வருஷத்தில் நாலு மாசம்தான் இங்கே பிழைப்பு என்று கூட வந்த ஒருவர் மகளிடம் சொல்ல, அவள் என்னிடம் சொன்னாள். நன்றாக வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. மறைத்து என்ன ஆகப்போகிறது?

வேலை போன மனுஷன் நேரே கீழே போயிருக்கலாம். போகவில்லை. நான் கால் வைக்கப் போன இடத்துக்கு ஓரடி இப்பாலேயே மண்டியிட்டு, கழியை நீட்டி அந்த வழுவழுப்பான பனியில் ஒரு குத்துக் குத்தினார். கழி முழுசும் உள்ளே போனது. உருவினார். அண்டா வாய் அகலத்துக்குப் பனி பொத்தென்று உள்ளே விழுந்தது. உள்ளே நீலமாய் ஓர் இருட்டு. பிறகு கழியைக் கெட்டியான பக்கத்தில் நட்டு, பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று தன் கழுத்துத் துண்டை அவிழ்த்து அதில் கட்டினார். அப்புறம்தான் வெறுங்கையோடு இறங்கினார்.

அந்த ஓட்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. எங்கள் ஊரில் மதகுப் பலகையைத் தூக்கும்போது, மேலே அசைவே இல்லாமல் அடியில் தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடும் சத்தம் அது. அந்தச் சத்தத்தைக் கேட்டே ஆழமும் வேகமும் சொல்லிவிடுவேன். மாடு விழுந்தாலும் வெளியே வராது என்று எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதே சத்தத்துக்கு மேலேதான் நான் திமிரெடுத்துக் காலைத் தூக்கியிருக்கிறேன். பனியென்றும் பார்க்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

சுற்றுலாக்காரனுக்கு இது முன்பே தெரியுமா என்று கேட்கச் சொன்னேன். மகள் கேட்டாள். தெரியுமாம். காலையிலேயே வழிகாட்டி அவனிடம் அந்த இடத்தைச் சொல்லியிருந்தாராம். அப்படியானால் எதற்கு அட்டையைப் பிடுங்கினாய் என்றதற்கு, மேடம் கோபமாக இருந்தீர்கள், புகார் எழுதினால் எனக்குக் கெட்ட பெயர், அவன் போனால் இன்னொருத்தன் வருவான் என்றானாம், சிரித்துக்கொண்டே.

எத்தனையோ பேரிடம் நான் கோபப்பட்டிருக்கிறேன், அந்தச் சிரிப்பைப் பார்த்து வந்த கோபம் மாதிரி ஒன்று அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நாக்கு நுனி வரைக்கும் எல்லா வசவும் வந்தது. ஆனால் அவனுக்குச் சாக்கு எடுத்துக் கொடுத்தது என் கைதானே? கழன்ற பூட்ஸை எடுத்து மாட்டிக்கொண்டு போய் அவன் முன்னால் கையை நீட்டினேன்.

"அந்த அட்டைய எடு."

மகள் அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. கொடுத்துவிட்டான்.

நானும் மகளும் வழிகாட்டியின் பின்னால் இறங்கினோம். அவர் தடம் பனியில் பளிச்சென்று தெரிந்தது. அதில் காலை வைத்து, அடுத்த காலை அடுத்த தடத்தில் வைத்து, ஒரு விரற்கடை பிசகாமல் நடந்தேன். வழுக்கியது. விழுந்தேன். எழுந்து அதே தடத்திலேயே நடந்தேன். கூப்பிட்டுக் கூப்பிட்டு ஒரு பாறையடியில் அவரைப் பிடித்தோம். கன்னத்தில் என் விரல் பதிந்திருந்தது.

"தப்பு என்னுதுதாங்க. அறஞ்ச கையாலயே குடுக்குறேன், வாங்கிக்குங்க" என்றேன். மகள் அழுதுகொண்டே இந்தியில் சொன்னாள்.

அவர் உடனே கையை நீட்டவில்லை. வாங்கமாட்டாரோ என்று எனக்கு உயிரே போயிற்று. பிறகு வாங்கி, கழுத்தில் மாட்டாமல் சட்டைப்பைக்குள் வைத்தார். மகளிடம் ஏதோ சொன்னார். "ஒங்கம்மாவ எனக்கு நேர் பின்னால வரச் சொல்லுங்கறாரும்மா" என்றாள்.

மேலே நிற்கும் மற்றவர்களை இறக்கிக் கொண்டுவர அவர் மறுபடி ஏறினார். நான் நேர் பின்னால் போனேன். அன்று முழுக்க அவர் என்னைப் பார்த்து ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. கீழே வந்ததும் டீ வாங்கிக்கொண்டு போய் நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். மகளுக்கு அது வருத்தம். எனக்கு வருத்தமில்லை. ஏன் சிரிக்க வேண்டும்? என்னை வரப்பில் இழுத்துப் போட்டவர் டீ வாங்கிக் கொடுத்திருந்தால் நான் குடித்திருப்பேனா? வேலை செய்த மனுஷனை அத்தனை பேர் முன்னால் கை நீட்டி அடித்து, அவர் சோற்றில் மண்ணைப் போடப் பார்த்தேன். அவர் கண்ணுக்கு அன்று காரியக்காரர் நான்தான்.

ஊருக்குத் திரும்பியதும் வீட்டுக்காரர், குளிர்ந்து வந்தியா என்று கேட்டார். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன். குளிர்ந்தெல்லாம் வரவில்லை. கோபம் இன்றும் அப்படியே இருக்கிறது, அந்தச் சுற்றுலாக்காரனின் சிரிப்பை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். ஆனால் யார் மேலாவது கை ஓங்கத் தோன்றும்போதெல்லாம், ஒருமுறை குனிந்து என் கால் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்கிறேன்.