பார்சலுக்குள் தூங்கிய வெள்ளையன்

எங்கள் மோர்னிங்சைட் வீட்டில் நான்கு பிள்ளைகளோடு இரண்டு ஃபெரெட்டுகளும் வளர்கின்றன. கீரியைப் போல் நீண்ட உடம்புள்ள பிராணிகள். வெள்ளையன், கறுப்பி என்று பெயர்.

போன மாதம் கொழும்பிலுள்ள தங்கைக்குச் சேலைகளைப் பெட்டியில் அடுக்கி, சுற்றிவர டேப் ஒட்டினேன். பார்சல் எடுப்பவர் வாசலுக்கு வந்துவிட்டார். கறுப்பியோ பெட்டியைப் பிறாண்டிக்கொண்டே நின்றது. “விலகு சனியன்!” என்று இரண்டு தரம் தூக்கி அப்பால் விட்டேன். மூன்றாம் தரமும் ஓடிவந்து பெட்டியில் ஏறியது.

அப்போதுதான் மூத்த மகள் கேட்டாள்: “அம்மா, வெள்ளையன் எங்க?”

டேப்பைக் கிழித்தேன். சேலை மடிப்புக்குள் வெள்ளையன் துவண்டு கிடந்தது. உலுக்கியும் அசையவில்லை. “ஐயோ, செத்துப்போச்சு!” என்று மகள் அழத் தொடங்கினாள். கறுப்பி பெட்டிக்குள் பாய்ந்து அதன் பிடரியைக் கவ்வி இழுத்தது. வெள்ளையன் வாயைப் பிளந்து நீளமாக ஒரு கொட்டாவி விட்டது. அப்படியொரு தூக்கம்!

“அக்கா, உதுவும் கொழும்புக்கோ?” என்றார் பார்சல்காரர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு பேர் இருக்கும் வீட்டில் ஒருவருக்கும் தெரியாதது கறுப்பிக்குத் தெரிந்திருக்கிறது. அதையல்லவா நான் ஏசினேன்!

இப்போது எந்தப் பெட்டியையும் மூடுமுன் கறுப்பியைப் பக்கத்தில் கொண்டுவந்து விடுகிறேன். அது மணந்து பார்த்துவிட்டுத் தன்பாட்டில் திரும்பிப் போன பிறகுதான் டேப்பைத் தொடுவேன்.