சுலேகாவும் பெரிய சக்கரங்களும்

விலாசினிக்கு வலது தோள் எப்போதும் வலிக்கும். கோதமங்கலத்தில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலை. இடது இருக்கையில் உட்கார்ந்து, மற்றவர் பிடித்த ஸ்டியரிங்கை எட்டி எட்டித் திருத்தி வலித்த தோள் அது. அவள் பெரிய ஆசிரியை என்று நான் சொல்லமாட்டேன். அலுத்துப்போன பிறகும் சோம்பாதவள், அவ்வளவே.

எங்கள் ஊரில் லைசென்ஸ் என்றால் எச். மைதானத்தில் எச் எழுத்துப்போலக் கம்பிகளை நட்டிருப்பார்கள். முன்னால் போய், பின்னால் வந்து, நடுவில் நிற்காமல், ஒரு கம்பியையும் தொடாமல் வெளியேற வேண்டும். விலாசினி அதை அடையாளம் வைத்துச் சொல்லித்தருவாள். கண்ணாடியில் கம்பி முழுதாகத் தெரிந்ததும் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்க வேண்டும். அவளுடைய சின்ன மாருதியில் அந்தக் கணக்கு பல வருடங்களாகப் பொய்த்ததில்லை.

டிரைவிங் பள்ளி முதலாளி எல்தோ இளைஞன். பழைய வண்டியைப் பார்த்துக் கல்லூரிப் பெண்கள் வேறு பள்ளிக்குப் போகிறார்கள் என்று அவனுக்குக் கவலை. மச்சான் காரிலிருந்து கழற்றிய பதினான்கு அங்குலச் சக்கரங்களை, அகலமான டயர்களோடு கொண்டுவந்து மாட்டினான். அதுவரை இருந்தவை பன்னிரண்டு அங்குலம். வண்டி நிமிர்ந்து நின்றது, பார்க்க அழகுதான். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி என்பதால் மெதுவாகத் திருப்பும்போது கை நொந்தது. முழுக்க ஒடித்தால் டயர் உள்தகட்டில் உரசிக் கத்தியது, அதற்குமேல் திரும்ப மறுத்தது. சாலையில் பள்ளம் எந்தப் பக்கம் இழுத்ததோ அந்தப் பக்கம் போனது.

"எல்தோ, இது காரா, பூட்ஸ் போட்ட கோழியா?"

"சேச்சி, ஊரே திரும்பிப் பாக்குது."

"ஊர் திரும்பும்டா. வண்டிதான் திரும்பமாட்டேங்குது."

அவன் சிரித்துவிட்டுப் போனான். தினமும் சொல்லிப் பார்த்தாள். பழையதை மாட்டும் உத்தேசமே அவனுக்கு இல்லை. வேறு வழியின்றி அடையாளத்தை மாற்றினாள். கம்பி பாதி தெரியும்போதே ஒடிக்க ஆரம்பிக்க வேண்டும். அப்போதுதான் அகன்ற வட்டத்துக்கு இடம் கிடைக்கும்.

அந்த நாட்களில் அவளிடம் வந்தவள் சுலேகா. கணவன் பக்கவாதத்தில் படுத்தபின் மீன் வண்டி வியாபாரத்தை அவளே பார்த்தாள். வண்டி ஓட்டிய பையன் மாதக் கடைசியில் சவூதி போகிறான். அதற்குள் லைசென்ஸ் வராவிட்டால் வண்டி வாசலில் நிற்கும், மீன் வேறு ஆளிடம் போகும். ஏற்கெனவே ஒரு முறை தோற்றவள். பழகுநர் உரிமத்தின் காலமும் முடியப்போகிறது. இந்த முறையும் தோற்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

விடியும்முன் மீன் ஏலம் முடித்து, தலைத்துணியில் வாடையோடு வருவாள். தூங்கிவிழும் கண்ணோடு எச் போடுவாள். மெல்ல மெல்ல வந்துவிட்டது. கம்பி பாதி தெரிந்ததும் அவள் கைகள் தாமாகவே ஒடித்தன. நாம் அறிவு என்று பெருமையாகச் சொல்வதில் பெரும்பங்கு இப்படித்தான் கைக்குள் போய்த் தங்குகிறது. அங்கிருந்து அதை வார்த்தையால் வெளியே கூப்பிட முடிவதில்லை.

தேர்வுக்கு முந்தைய நாள் எல்தோவே வந்தான். "சரி சேச்சி, உங்க வாய்க்குப் பயந்து பழைய சக்கரத்தை மாட்டிடறேன். இன்னிக்கேவா, நாளைக்கு டெஸ்ட் முடிஞ்சா?"

அன்று தோள் அவளைக் கொன்றுகொண்டிருந்தது. எத்தனை நாளாக அவள் கேட்டுவந்தது அது! "இன்னிக்கே," என்றாள். மாலையில் சுலேகாவை ஓட்டவைத்துப் பழக்கிவிடலாம் என்று எண்ணம். மாலையில் மழை பிடித்தது, மைதானம் குளமாயிற்று.

காலையில் வரிசையில் நிற்கும்போதுதான் சொல்ல முடிந்தது.

"சுலேகா, கேளு. சக்கரம் மாத்தியாச்சு. இப்ப சட்டுனு திரும்பும். கம்பி முழுசா தெரிஞ்ச பிறகுதான் ஒடிக்கணும். பாதில ஒடிச்சா இடிக்கும்."

"முழுசா. சரி டீச்சர்." உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே ஏறினாள்.

முன்னால் போனது சுத்தமாக இருந்தது. பின்னால் வரும்போது கம்பி பாதி தெரிந்தது. அவள் கைகள் ஒடித்தன. லேசான வண்டி, சொன்னதைக் கேட்கும் வண்டி, அப்படியே திரும்பி உள்பக்கக் கம்பியை மெல்லச் சாய்த்தது. ஆய்வாளர் தோல்வி என்று தலையாட்டினார், அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

சுலேகா இறங்கி சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நேத்து மாத்தச் சொன்னது யாரு?"

"நான்தான்."

"வண்டி நல்லாத்தான் திரும்புது."

"ஆமா."

"ஒரு நாள் பொறுத்திருக்கலாமே, டீச்சர்."

விலாசினி தோளைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கே புதுசா அப்ளிகேஷன் எழுதிப்போடலாம். ஃபீஸ் வேணாம். நானே வந்து..." என்றாள்.

"பையன் போயிடுவான். அதுக்கப்புறம் எனக்கு எதுக்கு?" சுலேகா குடையை விரித்தாள். சாலைவரை போனவள் திரும்பி வந்தாள். "புதுசாத்தான் எழுதணும், வேற வழி இல்ல. ஆனா இனிமே எந்தச் சக்கரமோ, அதை முதல் நாளே மாட்டிடுங்க."

பேருந்து வந்தது, ஏறிப்போனாள். அதற்குள் வரிசையில் அடுத்த பெண் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவளும் பெரிய சக்கரத்தில் பழகியவள். விலாசினி பக்கத்தில் குனிந்து, தணிந்த குரலில் மறுபடியும் அதையே சொல்லத் தொடங்கினாள்: கம்பி முழுசா தெரிஞ்ச பிறகுதான்.