குவாரிக் குன்றின் இறக்கம்

1987இல் திருச்சியிலிருந்து மாற்றலாகி சேலையூருக்குக் குடிவந்தபோது எனக்கு நாற்பத்து நான்கு வயது, என் மனைவிக்கு முப்பத்தெட்டு. குழந்தைகள் இல்லை. வீட்டில் இருந்த ஒரே வாகனம் அவளுடைய சைக்கிள். பள்ளிக்கூட நாட்களில் அவள் ஓட்டியது, முன்பார் இல்லாத லேடீஸ் சைக்கிள். கல்யாணத்துக்குப் பிறகு அதை நான்தான் ஓட்டினேன். அவள் பின்னால் கேரியரில் உட்காருவாள். "வண்டி வரதட்சணையா சார்?" என்று சேலையூர் கேம்ப் ரோட்டில் எதிர்வீட்டுக்காரர் ஒருமுறை கேட்டார். அதிலிருந்து அவரைக் கண்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவேன்.

அவளுக்கு இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை. சிறுவயதில் வந்த காய்ச்சல் விட்டுச்சென்ற கோளாறு. மாடிக்குப் பதினேழு படிகள். எட்டாவதில் நின்று மூச்சு வாங்குவாள். அவளுக்காக நான் எல்லாவற்றையும் எண்ணத் தொடங்கினேன்: படிகள், மாத்திரைகள், இரவில் எத்தனை முறை இருமினாள் என்பது. எண்ணிக்கொண்டே இருந்தால் எதுவும் கைமீறாது என்று எனக்கு ஒரு நினைப்பு.

அந்தக் குன்றுப் பாதை தற்செயலாகத்தான் கிடைத்தது. திருமுடிவாக்கம் பக்கம் மனை இருக்கிறதென்று ஒரு தரகர் சொன்னதை நம்பி ஒரு மாலை கிளம்பினோம். வழி தவறிக் கல்குவாரிக் குன்று ஒன்றின் அடியில் போய் நின்றோம். அங்கே குடிசை போட்டிருந்த, ஜல்லி உடைக்கும் பெண் ஒருத்தி தண்ணீர் கொடுத்தாள்.

"மேல ஏறிப் பாரு சார், மனையெல்லாம் தெரியும். இன்னிக்கி அமாவாசை, வேலை கெடையாது. வெடி வைக்க மாட்டாங்க."

அந்தக் குவாரிக்கு ஞாயிறு விடுமுறை இல்லை, அமாவாசைதான் விடுமுறை. மற்ற நாட்களில் லாரிகள் ஓடும் பாதை அன்று காலியாகக் கிடக்கும். நான் சைக்கிளைத் தள்ள, என் மனைவி நடந்து வந்தாள். அறுநூற்று நாற்பது தப்படி. ஏழு இடங்களில் உட்கார்ந்தாள். மேலே போனால் ஏரிகள் தெரிந்தன, மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் தெரிந்தது. மனை தெரியவில்லை.

திரும்பும்போது அவளைக் கேரியரில் ஏற்றிக்கொண்டேன். மிதிக்க வேண்டியிருக்கவே இல்லை. லாரி டயர்கள் அழுத்தி அழுத்திச் செம்மண் சிமெண்டுத் தரை போல இறுகியிருந்தது. ஒன்பது வளைவுகள். இருபுறமும் ஆவாரம் பூ. மூன்றாவது வளைவு தாண்டி ஒரு சின்னப் பள்ளம். அதில் சைக்கிள் இறங்கி எழும்போது வயிறு ஒரு கணம் மேலே போய்விட்டு வந்தது. பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம். யாரோ வேறொருத்தி சிரிப்பதாக நினைத்தேன். கீழே வந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்: மூன்று நிமிடம் பத்து விநாடி. பிரேக்கை நாற்பத்தொரு முறை பிடித்திருந்தேன்.

"என்னங்க, இன்னொரு தடவை போலாமா?"

"ஏறும்போது ஏழு தடவை உட்கார்ந்திருக்க."

"இறங்கும்போது முழுக்க உட்கார்ந்துதானே வந்தேன்?"

பிறகு அமாவாசைதோறும் போனோம். அலுவலகத்திலிருந்து நான் அரைமணி முன்னால் கிளம்புவேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலிலேயே நிற்பாள். நாலைந்து மாதம் போனதும், மேலே ஏறியவுடன் ஹேண்டில்பாரில் கைவைக்க ஆரம்பித்தாள்.

"ஒரே ஒரு தடவை நான் ஓட்டறேங்க. என் சைக்கிள்தானே?"

"அடுத்த அமாவாசை பார்க்கலாம்."

பதினோராவது முறை, செருப்புக்குள் புகுந்த கல்லைத் தட்ட நான் குனிந்தேன். நிமிர்வதற்குள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் கிளம்பிவிட்டாள். முதல் வளைவு வரை முதுகு தெரிந்தது. அவ்வளவுதான் பார்த்தேன். மீதி எட்டு வளைவும் ஓடினேன். கீழே சைக்கிள் ஒழுங்காக ஸ்டாண்டு போட்டு நின்றது. பக்கத்தில் ஒரு கல்மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"சாகறதுக்கு என் கண் முன்னாடிதான் இடம் கிடைச்சுதா உனக்கு?" என்றேன். இன்னும் சொன்னேன். குடிசைப் பெண் தண்ணீரோடு வந்தாள்.

"இன்னா சார் நீ, அக்காவ கொஞ்சம் மூச்சு வுட வுடு. சும்மா பேஜார் பண்ணிகினு."

அன்றிரவு சைக்கிளைப் பூட்டினேன். சாவியை அலுவலகத்துக்கும் சட்டைப்பையில் கொண்டுபோனேன். நான்கு அமாவாசைகள் அப்படிப் போயின. சோறு போடும்போது, "இன்னிக்கு அமாவாசை," என்று மட்டும் சொல்வாள். நான் சாப்பிட்டுவிட்டுப் புறப்படுவேன்.

அவளுக்கு மூச்சிரைப்பு அதிகமாகி மருத்துவமனையில் சேர்த்தேன். வால்வுக்கு ஆபரேஷன் என்றார்கள். டாக்டர் அவளிடம், "மாடி, மலை எதாவது ஏறினீங்களாம்மா?" என்று கேட்டார்.

"மலையில சைக்கிள்ல இறங்கினேன் டாக்டர்."

அவர் சிரித்தார். "இறங்குங்க, தாராளமா இறங்குங்க. ஏறத்தான் கூடாது."

அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாயிருக்கும். ஏறியதைத்தானே நான் அனுமதித்தேன், பதினொரு முறையும். கேரியரில் உட்காரவைத்துத் தள்ளியிருக்கலாம். சைக்கிள் சாய்ந்துவிடும் என்று பயந்தேன்.

"ஆபரேஷன் முடியட்டும், நீயே ஓட்டு," என்றேன். சரி என்று தலையாட்டினாள். அறுவை முடிந்த மூன்றாம் நாள் போய்விட்டாள்.

ஏழு மாதம் கழித்து ஓர் அமாவாசையன்று பூட்டைத் திறந்தேன். குன்றடியில் அந்தப் பெண் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அக்கா எங்க சார்? ஊருக்குப் போயிருக்கா?"

சொன்னேன். அவள் கீரையைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கி பாட்டு பாடிகினே வந்திச்சி சார். நான் வழியில குந்திகினு இருந்தேன். பெல் அடிச்சி, நவுரு நவுருன்னு சிரிச்சிகினே போச்சு."

பதினெட்டு வருட வாழ்க்கையில் அவள் பாடி நான் கேட்டதில்லை.

"என்ன பாட்டு?"

"அத்த நான் எப்டி சார் கேப்பேன்? அதுக்குள்ள நீ வந்து கத்த ஆரமிச்சிட்ட. வூட்டுக்குப் போயி நீ கேக்கலியா, எப்டி இருந்திச்சின்னு?"

கேட்கவில்லை என்றேன். சைக்கிளை மேலே கொண்டுபோக மனம் வரவில்லை. தாம்பரம் ரயில்வே கேட் வரை, அவள் சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே வந்தேன்.