செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்த தொடர்

கடலூரில் சிதம்பரம் பேருந்து கிளம்பியதும் பக்கத்து இருக்கைக்காரர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். மருதாணி ஏறிய தாடி, தூக்கம் போதாத கண்கள். அதன் பிறகுதான் கைப்பேசியைத் திறந்தார். முதன்முதலில் கம்ப்யூட்டர் செய்யப் புறப்பட்டவர்களைப் பற்றிய வெளிநாட்டுத் தொடர், கடைசி சீசன்.

"செருப்பு எதுக்குக் கழட்டுறீங்க பாய்?"

"கம்ப்யூட்டர் ரூமுக்குள்ள செருப்போட போவமா சார்? பழக்கம் போவல." களைப்பாகச் சிரித்தார். "நானும் மச்சானும் ஒரு காலத்துல கம்ப்யூட்டர் சென்டர் வெச்சிருந்தோம். இதுல வர்றவங்க மாதிரியேதான். ஆசையும் ஜாஸ்தி, சண்டையும் ஜாஸ்தி. மூடிட்டோம். பேச்சும் நின்னுபோச்சு."

அந்த மச்சான் வீட்டுக்குத்தான் இன்று போகிறார், சொல்லாமல்.

"கடைசி எபிசோட மட்டும் பாக்காம வெச்சிருக்கேன். அவன்கூட உக்காந்து பாக்கணும்."

"கதவத் தொறப்பாரா?"

"தொறக்கலன்னா எனக்கும் முடிவு வேணாம் சார்."

மாலையில் திரும்பும் பேருந்திலும் அவர் இருந்தார். கைப்பேசி சட்டைப்பையில், செருப்பு காலில். சேர்ந்து பார்த்து முடித்துவிட்டார்களா, கதவே திறக்கவில்லையா? கடலூர் வரை அவர் ஜன்னலுக்கு வெளியே இருட்டிக்கொண்டு வரும் வயல்களைப் பார்த்தபடி வந்தார். நான் அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டு வந்தேன்.