எமகண்டத்தில் இருபத்தேழு சதவீதம்

என் வீட்டுக்காரர் ரத்னவேலுக்குக் கோபப்படத் தெரியாது. அவருக்கும் சேர்த்து நானே கோபப்பட்டுவிடுவேன். இருபத்திரண்டு வருஷம் உழைத்த தொழிற்சாலை ஐம்பத்து நாலு வயதில் கைகுலுக்கி வெளியே அனுப்பியபோதுகூட, "நல்லவங்கதான் லா" என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

கோவிட் காலத்தில் யாரும் கடல் தாண்டி ஊருக்குப் போக முடியாமல் போனதே, அப்போது பிடித்ததுதான் இந்த வேலை. இங்கே நடக்கும் கல்யாணத்தையும் சாவையும் கேமராவில் பிடித்து, லேப்டாப் வழியாக ஊரில் இருப்பவர்களுக்கு அப்படியே காட்டுவது. புக்கிட் மேராவில் எங்கள் வீட்டு ஹால்தான் ஆபீஸ். தேக்கா பூக்கடைக்காரர்கள் மாலையோடு சேர்த்து இவர் நம்பரையும் கொடுத்துவிடுவார்கள். கூடவே ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு போவது நான்.

எல்லாம் சரி, அந்த லேப்டாப் ஒன்றுதான் சனியன். மாசத்துக்கு ஒரு அப்டேட் வரும், வந்தால் எதையாவது காவு வாங்காமல் போகாது. ஒரு தடவை பிரிண்டர் செத்தது. இன்னொரு தடவை சத்தம் போய், ஒரு வளைகாப்பு முழுக்க ஊமைப்படமாக ஓடியது. பெண்ணின் மாமியார் எங்களைக் கிழி கிழியென்று கிழித்தார். கம்பெனிக்காரனுக்கு எழுதிக் கேட்டால், அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள் என்று பதில் வந்தது. அது எங்களுக்குத் தெரியாதா?

அதற்கப்புறம் நாங்கள் அப்டேட்டுக்கு நேரம் பார்க்க ஆரம்பித்தோம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. காலண்டரில் ராகு காலம், எமகண்டம் தள்ளி, மறுநாள் வேலை இல்லை என்றால்தான் அந்தப் பொத்தானை அவர் தொடுவார். பழக்கிவிட்டவள் நான்.

போன மாசம் கிளமெண்டியில் சிதம்பரம் என்று ஒரு எஞ்சினியர் மாரடைப்பில் இறந்துபோனார். நாற்பத்தொன்பது வயது. அவருடைய அப்பா ரகுபதி அய்யா கும்பகோணத்தில் இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தார். சடங்குக்கு முதல் நாள் அவரே போன் பண்ணினார்.

"தம்பி, அங்க வாய்க்கரிசி போடுறப்ப நானும் இங்க டிவி முன்னாடி ஒரு தட்டுல போட்டுக்கறேன். அவன் முகம் தெரிஞ்சா போதும்."

"நான் காட்டுறேங்கய்யா," என்றார் இவர்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலை பத்தே முக்காலுக்கு லேப்டாப் அப்டேட் கேட்டது. பதினோரு நாளாகத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்த அப்டேட்.

"இப்பவே பண்ணிடவா சரசு? இனிமே தள்ளிப்போட முடியாதுன்னு ஏதோ போட்டிருக்கான்."

"ராகு காலம்ங்க. அதுவும் வேலை இருக்கற நாள்ல. சத்தம் போயிடுச்சுன்னா? வந்து பண்ணிக்கலாம்."

அவர் 'பிறகு' என்பதைத் தட்டினார்.

சிதம்பரத்தை அவர் குடியிருந்த புளோக்குக்குக் கீழே, வாய்ட் டெக் என்கிற திறந்த கீழ்த்தளத்தில் வைத்திருந்தார்கள். மூன்றரைக்கே எல்லாம் தயார். லேப்டாப் திரையின் ஒரு மூலையில் ரகுபதி அய்யா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எதிரே தட்டு, வலது கையில் மூடிப் பிடித்த அரிசி. இங்கே பூசாரி ஏதேதோ செய்துகொண்டிருக்க, அவருடைய முதுகு மறைக்காத இடமாகத் தேடி இவர் நின்றார். நாலு மணிக்குப் பூசாரி வாய்க்கரிசிக்கு ஆட்களைக் கூப்பிட்டார். சிதம்பரத்தின் மனைவி சிவகாமசுந்தரி எழுந்து நின்றார். இவர் கேமராவை முகத்துக்கு நேராக நகர்த்தினார்.

திரை நீலமாகிவிட்டது. அப்டேட் நடக்கிறதாம், அணைக்கக் கூடாதாம். அது பாட்டுக்கு இருபத்தேழு சதவீதத்தில் வட்டம் சுற்றிக்கொண்டு நின்றது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நாங்கள் ஒதுக்கி ஒதுக்கி வைத்த எமகண்டத்தையே அது பிடித்திருந்தது.

நான் போனை எடுத்து அய்யாவுக்கு அடித்தேன். மணி அடித்து அடித்து நின்றது. போன் உள் அறையில் சார்ஜில் கிடந்ததாம், வீடே டிவி முன்னால் உட்கார்ந்திருந்ததாம். பிறகுதான் சொன்னார்கள். இவர் ஈமச்சடங்குக்காரரிடம் ஓடினார்.

"பத்து நிமிஷம் மட்டும் பொறுங்க தம்பி."

"மண்டாய்ல தகனத்துக்கு வாங்கின ஸ்லாட் போயிடும் அண்ணே. முடியாது லா."

அவரைக் குறை சொல்ல முடியாது. எல்லோரும் அரிசி போட்டு முடித்தார்கள். பெட்டியை மூடினார்கள். அப்போது எண்பத்தொரு சதவீதம்.

வண்டி கார் பார்க்கைத் தாண்டித் திரும்பிய பிறகு லேப்டாப் கண் விழித்தது. எல்லாம் தயார் என்று வரவேற்றது, புதிய வசதிகளைப் பார்க்கிறீர்களா என்று கேட்டது. அதைத் தூக்கித் தரையில் அடித்திருப்பேன். இவர்தான் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுபடி இணைப்பு கிடைத்தபோது ரகுபதி அய்யா அப்படியே உட்கார்ந்திருந்தார். கை இன்னும் மூடியே இருந்தது.

"தம்பி, எங்க ஊரு நெட்டு எப்பவும் இப்படித்தான். உங்களுக்குத்தான் சிரமம். இப்ப வந்துடுச்சு. போட ஆரம்பிக்கலாமா?"

அவர் டிவியில் காலி மேடையும் உதிர்ந்த பூவும்தான் தெரிந்திருக்கும். அய்யா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"ஓ... போட்டாச்சா?"

"போட்டாச்சுங்கய்யா."

அவர் கையைத் திறந்தார். வியர்வையில் அரிசி உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை இடது கையால் தட்டில் துடைத்துவிட்டு, "சரிப்பா, நீங்க போய் சாப்பிடுங்க" என்றார்.

தப்பு அவர் ஊர் நெட்டில் இல்லை என்று இவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வீடு வரைக்கும் அந்தக் கம்பெனிக்காரனை என் வாயில் வந்த வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டே வந்தேன். இவர் ஸ்டாண்டைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தார்.

காலையில் ராகு காலம் என்று சொல்லித் தடுத்தது நான்தான். இன்றுவரை அதை அவர் ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லித் திட்டியிருந்தால் தேவலை.